பிசினஸ் லேப்டாப் வாங்கும் முன் திரையைச் சோதிப்பது எப்படி

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஒரு மாத இதழில் 'கம்ப்யூட்டர் பக்கம்' எழுதுகிறவள் நான். கடலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. நடுநடுவே வேறு பத்திரிகைகளில் கதைகளும் எழுதுவேன். கம்ப்யூட்டர் பக்கத்தைப் படிக்கிறவர்கள் என் கதைகளைத் தொடுவதில்லை. கதைகளைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தை எழுதுவதும் நான்தான் என்று தெரிந்தால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருப்பது இதுவரை எனக்கு வசதியாகவே இருந்திருக்கிறது.

போன வாரம் இதழாசிரியர் செந்தமிழ்செல்வன் போன் செய்தார். "மேடம், கம்பெனிங்க கழிச்சுவுடற பிசினஸ் லேப்டாப்ப இப்ப நெறைய பேரு செகண்ட்ஸ்ல வாங்கறாங்க. எதப் பாத்து வாங்கணும்னு ரெண்டு பக்கம் குடுங்க. எளிமையா இருக்கட்டும்."

எளிமையாகவே ஆரம்பித்தேன்.

"ஒரு லேப்டாப்பிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உழைக்குமா? தெளிவாகத் தெரிகிறதா?"

முதல் கேள்விக்கு மளமளவென்று எழுதிவிட்டேன். மூடியைத் திறந்து மூடிக் கீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்கள், பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேளுங்கள், அடியில் இருக்கும் எண்ணைப் போட்டு வாரன்ட்டி மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் வரும்.

இரண்டாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. தெளிவாகத் தெரிகிறதா என்று லேப்டாப்பிடம் எப்படிக் கேட்பது? பார்க்கிறவரைத்தானே கேட்க வேண்டும். பார்க்கிறவர் பொய் சொன்னால்?

எழுந்து டீ போட்டேன். குடிக்காமல் ஆற விட்டேன். மறுபடி உட்கார்ந்தபோது கட்டுரைக்குப் பதிலாக ஜெயராணி என்று எழுதியிருந்தேன்.

(அவள் பெயர் ஜெயராணி இல்லை. ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். சரியாக இருக்கலாம், மாற்றியும் இருக்கலாம். அவளிடம் நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இது எவ்வளவு கேவலமான சமாதானம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எழுதாமல் இருக்க முடியவில்லை.)

2

கதைக்கு முதல் வரி மூன்று எழுதினேன்.

"கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் காற்றில்—"

[வேப்பமரமே அங்கே கிடையாது. பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிதான் இருக்கிறது. அது சொட்டிக்கொண்டே இருக்கும். வெட்டு.]

"ஜெயராணிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவள் கண்கள்—"

[இப்போதே கண்ணுக்குப் போகாதே. வெட்டு.]

"கல்யாணப் பெண்ணின் முகத்தை மேடையின் ஊதா வெளிச்சத்திலிருந்து மீட்டுக்கொண்டு வருவது ஜெயராணியின் தொழில்."

இது நிற்கட்டும். கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள் அவள். கடலூரிலும் பண்ருட்டியிலும் உள்ள ஸ்டூடியோக்காரர்கள் ஆயிரக்கணக்கில் படங்களை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அனுப்புவார்கள். அதில் நல்லதைப் பொறுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, நிறத்தைச் சரிசெய்து, அச்சுக்கு அனுப்ப வேண்டும். இப்போதெல்லாம் மேடையில் கண்ட கலரில் விளக்குப் போடுகிறார்கள். பெண் ஊதா, மாப்பிள்ளை பச்சை, ஐயர் சிவப்பு. அத்தனை பேரையும் மனித நிறத்துக்குத் திருப்ப வேண்டும். அரக்குச் சேலை அரக்காகவே வர வேண்டும். கொஞ்சம் மாறினால் போதும், பெண்வீட்டார் ஸ்டூடியோவில் வந்து நிற்பார்கள். ஸ்டூடியோக்காரர் ஜெயராணிக்குப் போன் போடுவார்.

ஆரம்பத்தில் அவளே கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போனவள்தான். அந்தப் பழக்கம் விடவில்லை. எதையாவது கூர்ந்து பார்க்க வேண்டுமென்றால் இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பாள். அரிசியில் கல் பொறுக்கும்போதுகூட அப்படித்தான்.

* மேலே உள்ள வரியை இரண்டு முறை அடித்துவிட்டு இரண்டு முறை மறுபடி எழுதினேன். கதைக்கு அது தேவை. அதனாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை.

3

லேப்டாப் வாங்க வேண்டிய அவசியம் ஒரு தூணால் வந்தது.

ஸ்டூடியோ வைத்திருக்கும் பாலகுமார் ஒரு நாள் அச்சாகி வந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஜெயராணி வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன், ஒரே தெரு. தாலி கட்டும் படம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெரிதாக. மணமக்களுக்குப் பக்கத்தில் மண்டபத்துத் தூண். அந்தத் தூண் நடுவில் இடுப்பை வளைத்துக்கொண்டு நின்றது.

"என்னாக்கா இது? தூணு டான்ஸ் ஆடுது," என்றார் பாலகுமார்.

"ஒரிஜினல்ல வளஞ்சி இருந்துதுங்க. நான்தான் நிமித்துனேன்."

"ஒரிஜினல் நேராத்தான இருக்குது? இந்தா பாருங்க." அவர் கைபேசியில் காட்டினார். தூண் தூணாகத்தான் நின்றது.

ஜெயராணி தன் லேப்டாப்பில் அதே படத்தைத் திறந்து, இடது கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தாள். "இதுல வளைஞ்சித்தான் தெரியுது. டிஸ்ப்ளே போயிருக்கும்."

அவள் கணவர் தேவசகாயம் உடனே ஏற்றுக்கொண்டார். "பழைய லேப்டாப்பு. எத்தினி வருஷம்தான் ஒழைக்கும்? மாத்திடலாம் ஜெயா." பாலகுமாரும் தலையாட்டினார். வளைந்த பக்கத்தைத் திரும்ப அச்சடித்துத் தருவதாக ஏற்பாடு ஆனது.

இங்கே கட்டுரை எழுதுகிறவளாக நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லேப்டாப் திரை பலவிதமாகக் கெடும். புள்ளி செத்துப்போகும், கோடு விழும், ஓரம் மஞ்சளாகும், வெளிச்சம் மங்கும். ஆனால் எந்தக் கெட்ட திரையும் நேரான தூணை மட்டும் தேடிப் பிடித்து வளைக்காது. முடியாது. அதன் கட்டமைப்பே அப்படி. இது தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான், நானோ பலகாரத் தட்டில் இருந்த முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தேன்.

4

தேவசகாயத்தை என்ன செய்வது என்று இன்னும் புரியவில்லை. கதையில் இப்படி ஒரு கணவர் வந்தால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். ஒன்று குடிக்க வேண்டும், அல்லது அடிக்க வேண்டும். குறைந்தபட்சம் அவள் சம்பாத்தியத்தில் பொறாமையாவது பட வேண்டும். இவர் எதுவும் செய்வதில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட். மனைவிமேல் உயிராக இருக்கிறார். என் கம்ப்யூட்டர் பக்கத்தை விடாமல் படிக்கிற அபூர்வப் பிறவி. சும்மா படிப்பதோடு சரி என்று நினைக்காதீர்கள். நான் எழுதுகிற ஒவ்வொன்றையும் வீட்டில் செய்து பார்ப்பார். 'பாஸ்வேர்டை மாற்றுங்கள்' என்று எழுதினால் அன்று சாயந்தரத்துக்குள் மாற்றிவிடுவார், மறுநாள் மறந்தும்விடுவார்.

[அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். "தேவசகாயம் முகத்தைச் சுளித்தார். பொம்பளைக்கு எதுக்கு—" இந்த வாக்கியம் அவர் வாயில் நிற்கவே மாட்டேன் என்கிறது.]

அவரிடம் ஒரே ஒரு குறை உண்டு. அவரால் எதையும் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாது. மனைவிக்குச் சின்னதாகத் தலைவலி வந்தாலும் நேராக மாதா கோயிலுக்குப் போய்ப் பூசைக் கருத்துக் கொடுத்துவிடுவார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால், இன்னாருக்காக இன்ன வேண்டுதல் என்று மைக்கில் வாசிப்பார்கள். கோயில் முழுக்கக் கேட்கும்.

போன வருடம் ஜெயராணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். 'தேவசகாயத்தின் மனைவி ஜெயராணி கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய' என்று மைக்கில் வாசித்தார்கள். அன்று அங்கே பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக் கொண்டாட்டம். படம் எடுக்க வந்த பாலகுமார் கேமராவோடு பீடத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். தெருவே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தது. பாலகுமார் வரவில்லை, ஆல்பமும் வரவில்லை. "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, ஒரு முழு முகூர்த்த சீசனையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். மற்ற ஸ்டூடியோக்களுக்கும் அவர் வழியாகத்தான் சேதி போயிருக்க வேண்டும்.

யாருடைய எண்ணத்திலும் கெட்டது இல்லை. தேவசகாயம் வேண்டிக்கொண்டார், பாலகுமார் இரக்கப்பட்டார். ஜெயராணிதான் பழைய வாடிக்கையைத் திரும்பப் பிடிக்க அலைந்து அலைந்து கால் வீங்கினாள்.

5

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் சிதம்பரம் போனோம். மேல வீதியில் ஒரு மாடிக்கடை. கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்புகளை மொத்தமாக எடுத்துத் துடைத்து விற்கிறார் தில்லைநாதன். நானும் வர வேண்டும் என்று தேவசகாயம் பிடிவாதம் பிடித்தார். "அக்கா வந்தாத்தான் டிஸ்ப்ளேல ஏமாத்த மாட்டாங்க" என்றார்.

பிசினஸ் லேப்டாப்பில் ஒரு சங்கடம் உண்டு. உழைப்புக்குக் குறையே இருக்காது. மேசையிலிருந்து விழுந்தாலும் எழுந்து வேலை செய்யும். ஆனால் அது கணக்குப் பார்க்கிறவர்களுக்காகச் செய்தது. நிறம் பலவற்றில் வெளிறிப்போயிருக்கும். நல்ல நிறம் காட்டுகிற மாடல்களும் உண்டு, தேடித்தான் எடுக்க வேண்டும். தில்லைநாதன் அப்படி ஒரு நாலைந்தை எடுத்து வரிசையாக வைத்தார்.

எல்லாம் மங்கலாக எரிந்தன.

"பிசினஸ் லேப்டாப்புன்னா டிஸ்ப்ளே கொஞ்சம் டல்லாத்தாங்க வரும்," என்றார் தில்லைநாதன், தானே வெட்கப்பட்டவரைப் போல. "வெளிச்சத்த ஃபுல்லா வெச்சாலும் தானா எறங்கிடுது. இந்த லாட்டே அப்பிடி."

நான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு லேப்டாப்பிலும் திரைக்கு மேலே, சட்டத்தின் நட்டநடுவில், சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது. மூடிக்கு மேலே வைத்தால் கம்பெனிப் பெயர் மறைகிறது என்று உள்ளே, நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் கேமராவும், பக்கத்தில் அறை வெளிச்சத்தை அளக்கிற சின்னக் கண்ணும் இருக்கின்றன. அந்தக் கண்ணைச் சந்தனம் அடைத்துவிட்டால் லேப்டாப் இருட்டறையில் இருப்பதாக நினைத்துத் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"இந்தப் பொட்டத் தொடச்சா சரியாயிடும்," என்றேன்.

யாரும் துடைக்கவில்லை. தேவசகாயம் என் காதருகில் வந்தார். "அவுங்க சாமிக்கு வெச்சதுக்கா. நாம போய் எப்பிடித் தொடைக்கறது? மனசு கஷ்டப்படுவாரு." தில்லைநாதனோ, ஜெயராணியின் கழுத்திலிருந்த சிலுவையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குப் பொட்டு வேணாம்னா சொல்லுங்கம்மா, நான் ஒண்ணியும் நெனைக்க மாட்டேன்" என்று இழுத்தார். ஒருவரையொருவர் புண்படுத்தாமல் இருப்பதில் இரண்டு பேரும் மும்முரமாக இருந்தார்கள். லேப்டாப்புகள் அரையிருட்டில் காத்திருந்தன.

நான் முந்தானையை எச்சிலில் தொட்டுத் துடைத்தேன். திரை மெல்ல மெல்ல வெளுத்துப் பளீரென்று எரிந்தது.

"அட பூஜைக்கப்பறம் வந்தவங்க எல்லாரும் டல்லு டல்லுன்னு வுட்டுட்டுப் போனாங்களே!" தில்லைநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். தேவசகாயம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஜெயராணியும் சிரித்தாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. திரையில் எந்தக் கோளாறு இருந்தாலும் அதற்கு இப்படி ஒரு சின்னக் காரணம்தான் இருக்கும் என்று நாங்கள் நான்கு பேரும் அந்த நிமிடத்தில் நம்பிவிட்டோம்.

6

அடுத்து வெள்ளைச் சோதனை. திரை முழுக்க வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து, செத்த புள்ளியோ கறையோ இருக்கிறதா என்று பார்ப்பது. ஜெயராணி குனிந்தாள். இடது கண்ணை மூடினாள்.

"இங்க ஒரு அழுக்கு இருக்குது."

"எங்கம்மா?"

"நடுவுல. சாம்பலாட்டம்."

தில்லைநாதன் துணியால் துடைத்தார். "சந்தனம் பட்டுருக்கும்."

"போவல."

நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வேறு லேப்டாப்பைத் திறந்தார்கள். அதிலும் நடுவில், அதே சாம்பல். இன்னொன்று. அதிலும். "லாட்டே சரியில்ல போல," என்றார் தேவசகாயம். தில்லைநாதன் முகம் வாடியது.

ஜெயராணி நான்காவது திரையின் மூலையைப் பார்த்தாள். பிறகு எதிர் மூலையை. பிறகு திரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள்.

[இங்கே நிறுத்தினேன். எழுந்து மாடிக்கும் வாசலுக்கும் நடந்தேன். கதை எழுதுகிறவர்கள் செய்கிற மலிவான வேலை இது: முடிவு கிடைக்கவில்லையென்றால் ஒரு பெண்ணுக்கு வியாதியைக் கொடுத்துவிடுவது. அவளுக்குத் தெரிந்த சாம்பல் உண்மையிலேயே சந்தனக் கறைதான் என்று ஒரே வரியில் மாற்றிவிடலாம். மாற்றியும் எழுதினேன்: "தில்லைநாதன் அழுத்தித் துடைக்க, கறை போயே—" அதற்கு மேல் ஓடவில்லை. நான் கொடுத்த வியாதியாக இருந்தால் நானே எடுத்துக்கொண்டிருப்பேன்.]

சுவரைப் பார்த்தபடியே அவள் மூடியிருந்த கண்ணைத் திறந்தாள். வலது கண்ணை மூடினாள். மறுபடி மாற்றினாள். கையிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சரி. மொதல்ல பாத்ததையே எடுத்துக்கலாம்."

"கறை இருக்குதுன்ன?" என்றார் தேவசகாயம்.

"இல்லங்க. நான்தான் சரியா பாக்கல."

7

திரும்பி வரும் பஸ்ஸில் தேவசகாயத்துக்கு முன்னால் இடம் கிடைத்தது. புது லேப்டாப் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். நானும் ஜெயராணியும் பின்னால். ஆலப்பாக்கம் தாண்டியது. அவள் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, டிஸ்ப்ளே போனா கோடு வளையுமா?"

"வளையாது."

"அப்ப தூணு?"

வலது கண்ணைத் தொட்டுக்கொண்டு அவளே சொன்னாள். "இந்தக் கண்ண மட்டும் தொறந்து பாத்தா ஒங்க மூஞ்சி நடுவுல இல்லக்கா. காது தெரியுது, முடி தெரியுது. மூஞ்சி இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"நாளைக்கே கண் டாக்டர்கிட்ட போவோம். நான் வர்றேன்."

"சீசன் முடியட்டும்."

"அதெல்லாம் காத்துக்கிட்டு இருக்காதுடி. கண்ணுக்குள்ள, வெளிச்சம் விழற எடத்துல என்னவோ ஆயிருக்குது. சிலதுக்கு உடனே ஊசி போட்டா நிக்கும்பாங்க. நாள தள்ளிட்டா போனது போனதுதான்."

"தெரியாமதான் கேக்கறேன், டாக்டருக்குப் போனா இவருக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சா ஞாயித்துக்கெழம மைக்குல வரும். 'ஜெயராணி கண் பார்வைக்காக.' கண்ணு தெரியாதவகிட்ட எவன்க்கா கலர் பாக்கக் குடுப்பான்?" முன்சீட்டைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "இன்னொரு கண்ணு இருக்குது. பழகிக்கறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். முன்னால் தேவசகாயம் பெட்டிமேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். குடிகாடு வந்தது. நான் சத்தியம் செய்தேன்.

* அதன் பிறகு மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிவிட்டேன். கடைசித் தடவை கதவைத் திறந்து, உள்ளே கூப்பிடாமல், "ஆல்பம் அர்ஜன்ட்டுக்கா" என்றாள்.

8

இனி முடிவு. கதைக்காரிக்கு முடிவுகள் கிடைக்காமல் போகாது.

ஒன்று: அவள் தானாகவே ஒரு காலையில் டாக்டரிடம் போகிறாள். காத்திருக்கும் அறையில் சாளரத்தின் வழியே வெயில்— [பொய். அவள் போகவில்லை. இன்று காலைவரை போகவில்லை.]

இரண்டு: இன்னொரு தூண் வளைகிறது. புது லேப்டாப்பிலும் வளைந்தால் பாலகுமாருக்கே புரிந்துவிடும். [இது நடக்கலாம். நடப்பதற்குள் அந்தக் கண் என்ன ஆகும்?]

மூன்று: நான் தேவசகாயத்திடம் சொல்லிவிடுகிறேன். வாசல்வரை ஒரு நாள் போனேன். அவர் முகம் மலர்ந்து, "வாங்கக்கா, லேப்டாப்பு சூப்பர், நீங்க சொன்னதெல்லாம் செஞ்சி பாத்துட்டேன்" என்றார். தலையில் வைத்த கை நினைவுக்கு வந்தது. கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வாசலில் நின்றபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. இந்தக் கதையை அச்சுக்குக் கொடுத்தால் நான் செய்வதும் அதே காரியம்தானே? அவர் செய்தால் பூசைக் கருத்து, நான் செய்தால் இலக்கியம். என் மைக் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். அதனால்தான் பெயரை மாற்றினேன், தெருவை மாற்றினேன். ஆபரேஷன்கூட வேறு ஏதோ ஆபரேஷன். இவ்வளவு மாற்றியும் எனக்கு நிம்மதி இல்லை.

ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சி பாத்துட்டேன்.

வீட்டுக்கு வந்து, செந்தமிழ்செல்வன் கேட்ட கட்டுரையை ஒரே மூச்சில் முடித்தேன். அனுப்பினேன். அவர் போனில் வந்தார்.

"மேடம், கடேசி சோதன லேப்டாப்புக்கா கண்ணுக்கா?"

"லேப்டாப்புக்குத்தான்."

"கொஞ்சம் வெலகிப் போற மாதிரி இருக்குதே. வெட்டிடவா?"

"அத வெட்டறதா இருந்தா மொத்தக் கட்டுரையையும் திருப்பி அனுப்பிடுங்க." இத்தனை வருடத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. "சரி மேடம், இருக்கட்டும்" என்றார்.

ஆக, கதை இரண்டாகப் பிரிகிறது. நீங்கள் இதுவரை படித்தது கதைப் பத்திரிகைக்கு. தேவசகாயம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். கீழே வருவது கம்ப்யூட்டர் பக்கத்துக்கு. முதல் ஐந்து சோதனைகளை உங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடைசியை மட்டும் தருகிறேன். அதற்கு மேல் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இதழ் அடுத்த வாரம்தான் கடைக்கு வருகிறது.

அந்தச் சோதனையில் அவள் 'நல்லாத்தான் தெரியுது' என்றும் சொல்லலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு. சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இவர்களைத் தெரிந்திருந்தால், என்னைவிட நல்ல வழி தெரிந்திருந்தால், செய்யுங்கள். இதை எழுதி முடித்தும் எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

9

ஆறாவது சோதனை: இதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

லேப்டாப்பைத் தினமும் அதிகமாகப் பயன்படுத்தப்போகிறவர் யாரோ அவரை எதிரே உட்கார வையுங்கள். உங்கள் மனைவியோ கணவரோ, யாராக இருந்தாலும் சரி. வேலை இருக்கிறது என்பார்கள். விடாதீர்கள். வாங்கியாகிவிட்டது, இனி எதற்கு என்றாலும் விடாதீர்கள். வாங்கிய பிறகும் செய்யலாம்.

திரை முழுக்க வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். புள்ளியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சில நேர்கோடுகள் போடுங்கள். பிறகு உங்கள் உள்ளங்கையால் அவருடைய ஒரு கண்ணை மூடுங்கள். அவரே மூடிக்கொள்ள விட வேண்டாம். எந்தக் கண்ணை மூடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் வலது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு இடது.

இரண்டு முறையும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். புள்ளி தெரிகிறதா? கோடு நேராக இருக்கிறதா?

ஒரு கண்ணில் மட்டும் புள்ளி மறைந்தாலோ, கோடு வளைந்தாலோ, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அது நல்ல லேப்டாப். மறுநாள் காலை கண் மருத்துவரிடம் அவரை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் தள்ளாதீர்கள். வேறு யாரிடமும் இதைச் சொல்லத் தேவையில்லை. சாமியிடம் சொல்வதென்றால் மனசுக்குள் சொல்லுங்கள், அவருக்குக் கேட்கும்.

பதில் வரத் தாமதமாகலாம். 'எல்லாம் நல்லாத்தான் தெரியுது' என்று சட்டென்று பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள். அதட்ட வேண்டாம். கையை மட்டும் எடுக்காதீர்கள். உள்ளங்கை நனைந்தாலும் எடுக்காதீர்கள்.